பயந்திருக்கும்போது ஒரு வேலையை விட்டு அடுத்ததற்கு மனம் ஏன் நகர மறுக்கிறது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. நீட் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரித் தேர்வு வைக்கிறோம். உண்மையான தேர்வு போலவே 180 கேள்வி, 180 நிமிடம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும்.

இரண்டு மாதமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் உயிரியலை முதலில் முடித்துவிட்டுத்தான் இயற்பியலுக்கு வருவார்கள். வந்ததும் போடும் முதல் ஐந்தாறு கேள்விகளில் தப்பு குவிகிறது. கடினமான கேள்விகள் என்றால் பரவாயில்லை. சாய்தளத்தில் கட்டை வழுக்கும் கணக்கு, இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் போடும் கணக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பிள்ளை பத்து கேள்வி தள்ளி லென்ஸ் விதிக் கேள்வியை அழகாகப் போட்டிருக்கிறாள்.

ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "டீச்சர், கணக்கைப் படிக்கிறேன். ஆனா உயிரியல்ல விட்டுட்டு வந்த மூணு கேள்விதான் கண்ணு முன்னாடி நிக்குது" என்றாள். அவள் வீட்டில் இது இரண்டாவது முயற்சி. அப்பா கடன் வாங்கித்தான் புத்தகம் வாங்கித் தந்திருக்கிறார். அவளிடம் "கவனமாகப் போடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயம் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கெடுக்கும் என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? என்ன செய்தால் அந்தப் பெண்ணுக்கு உதவும்?

---

பழைய_பேட்ச், ஞாயிறு இரவு 9.48

டீச்சர், தப்பாக நினைக்க வேண்டாம். பயம் இல்லாமல் எந்தத் தேர்வும் இல்லை. நான் 1988-இல் பொறியியல் முடித்தவன். பயந்ததால்தான் விடிய விடிய உட்கார்ந்தேன். பயந்ததால்தான் ஒரு வரி விடாமல் படித்தேன். இப்போது பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் டென்ஷன் என்கிறார்கள். இயற்பியலை முதலில் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். பயிற்சி போதவில்லை என்பதே என் எண்ணம்.

---

மாற்றச்செலவு, ஞாயிறு இரவு 11.20

நான் அறிதல் உளவியலில் ஆய்வு செய்கிறேன். இது என் துறைக்கு மிக அருகில் இருக்கும் கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தை ஒதுக்கிவைப்போம். பயமே இல்லாதபோதும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு விலை உண்டு. இதைத்தான் மாற்றச் செலவு என்கிறோம். 1927-இல் ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளந்தார். எண்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே கணக்கைச் செய்துகொண்டே போனால் ஒரு நேரம். ஒரு எண்ணில் கூட்டல், அடுத்ததில் கழித்தல் என்று மாறி மாறிச் செய்தால் அதைவிட அதிக நேரம். அவர் இன்னொன்றும் கண்டார். பட்டியலில் ஒரு எண், ஒரு சொல் என்று கலந்து கொடுத்து, எண்ணில் கழிக்கவும் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறவும் சொன்னபோது அந்தத் தாமதம் தெரியவில்லை. ஏனென்றால் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று கண் முன்னால் இருக்கும் பொருளே சொல்லிவிடுகிறது.

1995-இல் ராபர்ட் ரோஜர்ஸ், ஸ்டீபன் மான்செல் இருவரும் இதை நுணுக்கமாகச் சோதித்தார்கள். அடுத்து என்ன வேலை என்று முன்கூட்டியே தெரிந்தாலும், தயாராகப் போதிய இடைவெளி கொடுத்தாலும், தாமதம் குறைகிறதே தவிர முழுதாகப் போவதில்லை. ஆனால் அந்தத் தாமதம் மாறியவுடன் வரும் முதல் கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அளவும் நொடியில் ஒரு பகுதிதான்.

டீச்சர், நீங்கள் எழுதியதில் இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வெறும் மாற்றச் செலவு என்றால் ஒரு கேள்வியோடு போயிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்தாறு கேள்வி வரை நீள்கிறது. அந்த மீதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பழைய_பேட்ச் ஐயா சொல்லும் பயிற்சிக் குறையைவிட, அந்தப் பெண் சொன்ன பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவள் இன்னும் உயிரியலை விட்டு வரவில்லை.

2007-இல் மைக்கேல் ஐசென்க், நாஸனின் தெரக்‌ஷான் முதலியோர் ஒரு கோட்பாடு வைத்தார்கள். பதற்றம் மனத்தின் இரண்டு திறன்களை முக்கியமாகப் பாதிக்கிறது என்பது அதன் சாரம். தேவையில்லாததைத் தடுத்து நிறுத்துவது ஒன்று, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு நகர்வது இன்னொன்று. 2009-இல் கணக்குகளை வைத்துச் சோதித்தபோது, ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்வதைவிட, வகை மாறி மாறிச் செய்யும்போதுதான் பதற்றம் அதிகமாக இருந்தவர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. திருப்பத்தில்தான் சறுக்கல்.

---

பழைய_பேட்ச், திங்கள் காலை 6.30

விளக்கத்துக்கு நன்றி தம்பி. ஆனால் என் அனுபவம் பொய்யில்லையே? பயம் எனக்கு உதவியதே.

---

மாற்றச்செலவு, திங்கள் காலை 8.05

பொய்யே இல்லை ஐயா. நீங்கள் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1908-இல் யெர்க்ஸ், டாட்ஸன் இருவரும் சுண்டெலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து வெளிச்சத்தைப் பிரித்தறியப் பழக்கினார்கள். பிரித்தறிவது எளிதாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமானபோது நடுத்தர அதிர்ச்சிதான் நன்றாக வேலை செய்தது, அதற்கு மேல் போனால் கெட்டது. 1959-இல் ஈஸ்டர்புரூக் இன்னொன்றைத் தொகுத்துச் சொன்னார். உணர்ச்சி ஏற ஏற கவனத்தின் வட்டம் சுருங்குகிறது, ஓரத்தில் இருப்பவை விழுந்துவிடுகின்றன.

நீங்கள் விடிய விடிய ஒரே புத்தகத்தில் உட்கார்ந்தீர்கள். அந்த வேலைக்கு வட்டம் சுருங்குவது நல்லது. தேர்வு அறையில் இந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது அதன் நேர் எதிர்: பிடித்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பது. பயம் பிடியை இறுக்கும். அதை வைத்துக்கொண்டு கையை விரிக்கச் சொன்னால் எப்படி?

---

இரவுப்பணி, திங்கள் மாலை 4.15

இந்த இழையைப் பேருந்தில் படித்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

நான் ஐசியுவில் செவிலியர். பதினோரு வருடம். டீச்சர் சொன்ன அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். 3-ஆம் படுக்கையில் ஒரு சின்னப் பையன். டெங்கு. அதிகாலை மூன்று மணிக்குப் போய்விட்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தவில்லை, அழவில்லை, "அவனுக்குக் குளிரும் சிஸ்டர், போர்த்திவிடுங்க" என்றாள். போர்த்திவிட்டேன். அடுத்த நிமிடம் 5-ஆம் படுக்கையில் மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரம். ஓடினேன். மருந்தை மாற்றினேன், அளவைத் தட்டினேன். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா திரையைப் பார்த்து என் கையைத் தட்டிவிட்டார். புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்திருந்தது. பத்து மடங்கு.

என் கை 5-ஆம் படுக்கையில் இருந்தது. நான் 3-இல்தான் இருந்தேன். அந்த மருந்தின் அளவு எனக்கு மனப்பாடம். அன்றும் மனப்பாடம்தான்.

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஒன்று சொல்லித் தந்தார். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது எப்படியும் கை கழுவ வேண்டும். அந்த நேரத்தில் அடுத்து யார், என்ன மருந்து, என்ன அளவு என்று வாய்விட்டுச் சொல்லு. மனதுக்குள் சொல்லாதே, உன் காதில் விழ வேண்டும். இன்றுவரை செய்கிறேன். புதிதாக வரும் பெண்கள் முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள், ஒரு மாதத்தில் அவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தம்பி மாற்றச்செலவு, இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள். வேலை செய்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

---

மாற்றச்செலவு, திங்கள் இரவு 10.40

சிஸ்டர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் "இப்போது எந்த வேலை, எந்த விதி" என்பதைத் தாங்கிப் பிடிக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருடங்களாகக் காட்டிவருவது இதுதான்: நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்கள் இரண்டும் அளவாக இருந்தால் அந்தப் பகுதி நன்றாக இயங்கும். கட்டுக்கடங்காத அழுத்தத்தில் அவை அளவுக்கு மீறிச் சுரக்கும்போது அங்கே இணைப்புகள் தளர்கின்றன. அதே நேரத்தில் அமிக்டலா என்ற, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி வலுக்கிறது. விதியைத் தாங்கிப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட, பழக்கமும் பயமும் ஓட்டத் தொடங்குகின்றன. காட்டில் பாம்பைக் கண்டால் இது உயிர் காக்கும். பம்ப்பில் தசம இடம் பார்க்க உதவாது.

அந்த நேரத்தில் விதியை உள்ளே தாங்கிப் பிடிக்க முடியாததால், அதை வெளியே வைக்கிறீர்கள். காதில் விழும் சொல், கையில் படும் தண்ணீர். ஜெர்சில்டின் இரண்டாவது பட்டியலை நினைத்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று பொருளே சொன்னபோது தாமதம் தெரியவில்லை அல்லவா? உங்கள் சீனியர் அக்கா படுக்கையையே பேசவைத்துவிட்டார். இந்தக் கடைசி இணைப்பு என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ஓடுபாதை, செவ்வாய் காலை 7.20

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு விபத்து, ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போகும் வழியில் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர்.

வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்துக்கொண்டது. தானியங்கி ஓட்டம் விலகியது. ஏறக்குறைய ஒரு நிமிடத்திலேயே அளவுகள் சரியாகிவிட்டன. ஆனால் அந்த முதல் திடுக்கிடலில் ஓட்டிக்கொண்டிருந்தவர் மூக்கை மேலே தூக்கினார், பிறகு பெரும்பாலும் அப்படியே பிடித்திருந்தார். இறக்கை தாங்கும் திறனை இழக்கிறது என்ற எச்சரிக்கை தொடர்ந்து 54 நொடி ஒலித்தது. விமானி அறையில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தானியங்கி விலகியதிலிருந்து கடலில் மோதும் வரை 4 நிமிடம் 23 நொடி. பிரெஞ்சு விசாரணை அறிக்கையே திடுக்கிடலின் பங்கைப் பேசுகிறது.

அவர்களுக்கு ஓட்டத் தெரியாதா? முதலில் பிடித்த எண்ணத்தை விட்டு இன்னொன்றுக்கு வர முடியவில்லை. காதில் விழுந்த எச்சரிக்கைகூட உள்ளே போகவில்லை. அதனால் எல்லா நேரமும் சத்தமே உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். சிஸ்டர் செய்வது வேறு. அவரே சொல்கிறார், அமைதியான நாளிலும் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

இந்த விபத்துக்குப் பிறகு பாவனைக் கருவியில் (சிமுலேட்டர்) திடுக்கிடலோடு சேர்த்தே பயிற்சி கொடுப்பதற்கு முக்கியத்துவம் கூடியது. எதிர்பாராத நேரத்தில் பிரச்சினையைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து மீண்டு வருவதைப் பழக்குவது. டீச்சர், உங்கள் மாதிரித் தேர்வில் இதை யோசித்துப் பாருங்கள்.

---

கோட்டாறு_வாசி, செவ்வாய் மதியம் 1.30

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. செய்குத்தம்பிப் பாவலர், நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்தவர். 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்தார். சதாவதானம் என்றால் நூறு கவனகம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார், ஒருவர் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் சிறு கற்களைப் போடுவார். எல்லாவற்றுக்கும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும்.

அவரை நிலைகுலைக்க "துருக்கனுக்கு ராமன் துணை" என்று முடியும்படி வெண்பா பாடச் சொன்னார்களாம். அவர் இஸ்லாமியர், துருக்கன் என்றது அவரைத்தான். சபை உறைந்து போயிருக்கும். அவரோ பரதன், இலக்குவன், சத்துருக்கன் என்று தம்பிமார் பெயர்களை அடுக்கி, "சத்" என்பதை முந்தைய அடியின் முடிவில் நிறுத்தி, ஈற்றடியைத் தானாக விழ வைத்தார் என்று சொல்வார்கள். சிறு வயதில் தாத்தா இதைச் சொன்னபோது தமிழ்த் திறமை என்று மட்டும் நினைத்தேன். இந்த இழையைப் படித்த பிறகு வேறொன்று தெரிகிறது. அந்தக் கேள்வி குத்தத்தான் கேட்கப்பட்டது. குத்தின் வலியில் அவர் நின்றிருந்தால் மணியின் எண்ணிக்கை போயிருக்கும்.

---

மறுமுயற்சி, செவ்வாய் இரவு 11.55

நான் டீச்சர் சொன்ன பெண் இல்லை. ஆனால் நானும் இரண்டாவது முறை எழுதுகிறேன். இதுவரை இந்தக் குழுவில் எதுவும் எழுதியதில்லை.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? உயிரியலில் ஒரு கேள்வி தெரியவில்லை என்றால் அது ஒரு கேள்வியாக நிற்காது. 4 மதிப்பெண், அதனால் கட்-ஆஃப், அதனால் சீட், அதனால் சித்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது வரை ஒரே மூச்சில் ஓடிவிடும். அதற்கு நடுவில் இயற்பியல் கேள்வியை நான்கு முறை படித்திருப்பேன். கண் படிக்கும். ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும்போது கை வியர்த்து, பேனா வழுக்கும். கண்காணிப்பாளர் "அரை மணி நேரம் இருக்கு" என்று சொன்னால் அடுத்த இரண்டு கேள்வியும் போச்சு.

பழைய_பேட்ச் அங்கிள், நான் பயப்படாமல் இருக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன். பயப்படக் கூடாது என்று நினைப்பதே இன்னொரு வேலையாகிவிடுகிறது.

---

பழைய_பேட்ச், புதன் காலை 5.50

அம்மா, உன் பதிவைக் காலையில் எழுந்ததும் படித்தேன். என் முதல் பதிவில் பிள்ளைகளைப் பற்றி எழுதிய வரிக்காக வருந்துகிறேன். எங்கள் தேர்வில் ஒரு தாளுக்கு ஒரு பாடம்தான். அடுத்த பாடத்துக்கு நடுவில் ஒரு நாளாவது இருக்கும். உங்களுக்கு அது ஒரு பக்கம் புரட்டும் நேரம். அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

---

மாற்றச்செலவு, புதன் இரவு 9.15

தங்கச்சி, "இன்னொரு வேலையாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். மிகச் சரி. கவலைப்படுவதும் மனம் செய்யும் வேலைதான். அதை அடக்குவதும் வேலை. கணக்குக்கு வேண்டிய இடத்தையே இரண்டும் எடுத்துக்கொள்கின்றன.

நியூயார்க்கில் செய்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2009-இல் கானர் லிஸ்டன், புரூஸ் மெக்ஈவன், பி. ஜே. கேசி வெளியிட்டது. பெரிய தேர்வுக்கு ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை ஸ்கேனில் வைத்து, கவனத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் வேலை கொடுத்தார்கள். அழுத்தம் இல்லாதவர்களைவிட அவர்களுக்கு அது கடினமாக இருந்தது, மூளையின் முன்பகுதி மற்ற பகுதிகளோடு சேர்ந்து இயங்குவதும் குறைந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் சரியாகியிருந்தன. சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வுதான். ஆனால் உனக்கு நடப்பது உன் அறிவில் ஓட்டை என்று நீ நினைத்தால், இதை நினைத்துக்கொள். டாக்டராகப் போகிறவர்களுக்கும் இதே நடந்தது, பிறகு திரும்பியும் வந்தது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் கூடும் என்று 2011-இல் ஒரு ஆய்வு வந்து பரவலாகப் பேசப்பட்டது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. பிடித்திருந்தால் செய், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். எனக்கு இதைவிட நம்பிக்கை சிஸ்டரின் வழியிலும் ஓடுபாதை அண்ணன் சொன்னதிலும்தான். பயத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, திருப்பத்தை மட்டும் தனியாகப் பழக வேண்டும்.

---

கரும்பலகை, அடுத்த ஞாயிறு இரவு 8.30

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்த வாரம் வழக்கமான மாதிரித் தேர்வை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கேள்வி கொடுத்தேன். நாலு உயிரியல், உடனே மூன்று இயற்பியல், திரும்ப நாலு உயிரியல். ஒவ்வொரு கட்டிலும் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பிடித்ததை விட்டு வரப் பழகத்தான். எதற்காக என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியும்விட்டேன்.

திருப்பத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விட்ட கேள்வியின் எண்ணைக் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைக்க வேண்டும். பிறகு அடுத்த கேள்வியில் கொடுத்திருப்பது என்ன, கேட்பது என்ன என்று உதட்டசைவில் சொல்ல வேண்டும். தேர்வு அறையில் சத்தம் போட முடியாதே, அதனால் உதடு மட்டும்.

முதல் மணி நேரம் மோசமாகப் போனது. ஒரு பையன் பேனாவை வைப்பதையே மறந்து மறந்து, பிறகு அதையே எண்ணிக் கவலைப்பட ஆரம்பித்தான். அவனுக்கு மட்டும் அதை விட்டுவிடச் சொன்னேன்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண் இன்று மூன்றாவது கட்டில் ஓரத்தில் எண்ணை எழுதினாள், பேனாவை வைத்தாள், சாய்தளக் கணக்கைப் படித்தாள். தப்பாகத்தான் போட்டாள், கோணத்தில் சைனுக்குப் பதில் கோசைன். ஆனால் அடுத்த இரண்டும் சரி. தாளைக் கொடுக்கும்போது "டீச்சர், இந்தத் தடவை ஒரு கேள்விதான் போச்சு" என்றாள்.

மறுமுயற்சி, அந்தக் கட்டுகளை நாளை ஸ்கேன் செய்து இங்கே போடுகிறேன். எடுத்துக்கொள்ளம்மா.